அமெரிக்காவில் கடையும் கலியாணமும்

நாம் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்து ஏழு மாதம் ஆகின்றது. டெக்சாஸ் மாகாணத்தில் டாலஸ் நகரை அடுத்த ஒரு பட்டணத்தில் நமது துணைவியாருடன் குடியிருந்து வருகின்றோம். வந்த மூன்றாம் மாதத்தில் ஊரிலிருந்து மாமா முறையுள்ள ஒரு பெரியவர் கைப்பேசியில் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். சவுக்கியங்களை எல்லாம் விசாரித்துவிட்டு முடிவில், "அந்தத் தேசத்தில் ஜாக்கிரதையாய் இருக்கவும். அங்கே பெண்டாட்டியும் கடைச் சரக்கும் ஒன்றுதானாம். பிடிக்காவிட்டால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்துக் கொள்வார்களாமே! நம் குடும்பத்திற்கு அந்தப் புத்தி ஒட்டிவிடக் கூடாது" என்று உபதேசம் செய்திருந்தார்.

இது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாய் இருந்தால் அவருக்கு மாத்திரம் பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருப்போம். ஆனால் நம் நாட்டில் மேடை ஏறுகின்ற கலாசாரக் காவலர்கள், கதாகாலட்சேபக்காரர்கள், சினிமாவுக்கு வசனம் எழுதுகின்றவர்கள் ஆகிய எல்லோரும் இதே பல்லவியைத்தான் பாடி வருகின்றார்கள். பாரத நாட்டுக் கலியாணம் தெய்வ சம்பந்தமாம். அமெரிக்காக்காரன் கலியாணம் வியாபாரமாம். ஆகவே இங்கே கடை எப்படி நடக்கின்றது, கலியாணம் எப்படி நடக்கின்றது என்பதைக் கண்ணால் கண்டதையும் சட்டத்தில் படித்ததையும் கொண்டு எழுதுகின்றோம். எது சரக்கு, எவன் வியாபாரி என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

முதலில் கடையைப் பற்றி. நாம் முதல் நாள் கடைக்குப் போனபோது விலையை எல்லாம் ரூபாயாக்கிப் பார்த்துப் பார்த்து, எடுத்த கொத்தமல்லிக் கட்டைத் திரும்ப வைத்துவிட்டு வந்தோம். இந்த வியாதி புதிதாய் வருகின்ற எல்லோருக்கும் உண்டாம். சம்பளம் ஒருமுறை கைக்கு வந்ததும் தீருமாம். கடையோ நம் ஊர்ச் சந்தைத் திடல் அகலம். அரிசி முதல் ஆணி வரையில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக் கொள்ள வேண்டியதுதான். எந்தச் சாமானுக்கும் விலை எழுதி ஒட்டியிருக்கின்றது. அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு அவுன்சுக்கு என்ன விலை என்றும் பல கடைகளில் போட்டிருக்கின்றார்கள். பெரிய டப்பா லாபமா, சின்ன டப்பா லாபமா என்பதைக் கணக்குத் தெரிந்தவன் தானே கண்டுகொள்ளலாம். பேரம் கிடையாது. முகம் பார்த்து விலை சொல்லுவது கிடையாது. வேட்டிக்கு ஒரு விலை, சட்டைக்கு ஒரு விலை கிடையாது. வரிசையில் முந்தி நின்றவர் முந்திப் போகின்றார்.

இவையெல்லாம் ஆதிமுதல் இங்கே இருந்தவை அல்ல. கடைக்காரன் மேசைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க, வாங்குகின்றவன் கைநீட்டி நின்ற காலம் இங்கேயும் இருந்தது. 1916-ல் மெம்பிசு நகரத்தில் கிளாரன்சு சாண்டர்சு என்பவர் பிக்ளி விக்ளி என்று ஒரு கடை திறந்து, வருகின்றவர்களே சாமானைத் தங்கள் கையால் எடுத்துக் கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். நடுவில் நின்று எடுத்துக் கொடுக்கின்ற ஆள் ஒழிந்தான், சாமான் கெட்டுவிடவில்லை. 1937-ல் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்டுமேன் என்ற கடைக்காரர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதை முதலில் யாரும் தொடவில்லையாம். கூடையைத் தூக்கப் பலமில்லாதவன் என்று நினைப்பார்களே என்று ஆண்கள் வெட்கப்பட்டார்களாம். பிறகு கோல்டுமேன் கூலிக்கு ஆட்களை வைத்து, சாமான் வாங்குகின்றவர்களைப் போல் கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரியச் செய்தாராம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்ததாம். இன்று அந்த வண்டியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, கையில் ஜாபிதாவுடன், "எந்த வெங்காயம்? வெள்ளையா, சிவப்பா?" என்று மனைவியைக் கைப்பேசியில் கேட்டுக்கொண்டு நிற்கின்ற ஆண்பிள்ளைகளை எந்தக் கடையிலும் பார்க்கலாம். அவர்களுடைய ஆண்மைக்கு எந்த ஆபத்தும் வந்துவிட்டதாகத் தெரியவில்லை.

கடைக்காரன் தர்மப்பிரபு என்று நாம் சொல்ல வரவில்லை. 5 டாலர் என்று போட்டால் யோசிப்பார்கள், 4 டாலர் 99 சென்டு என்று போட்டால் வாங்குவார்கள் என்று நம்பி நாடு முழுவதும் விலை எழுதி வைத்திருக்கின்றான். ஒரு சென்டில் ஏமாறுகின்ற புத்தி விபூதியில் ஏமாறுகின்ற புத்திக்கு அண்ணன் தம்பிதான். ஒட்டியுள்ள விலையில் விற்பனை வரி சேராது. பணம் கட்டுகின்ற இடத்தில்தான் அது தலையைக் காட்டும். எங்கள் ஊரில் அது நூற்றுக்கு 8.25. சமைக்காத உணவுப் பண்டங்களுக்கு வரி இல்லை, சோப்புக்கு உண்டு. பால் வாங்கப் போகின்றவன் கடையின் கோடி வரையில் நடக்க வேண்டும். வழியெல்லாம் வேண்டாத சாமான்கள் கை நீட்டிக் கூப்பிடும். நாமும் ஒரு நாள் பாலுக்குப் போய் ஒரு கத்தரிக்கோலும் இரண்டு பூத்தொட்டியும் வாங்கி வந்தோம்.

நிற்க. நம் மாமாவின் கண்ணை உறுத்துகின்ற விஷயம் சாமானைத் திருப்பிக் கொடுப்பது. அதற்கென்று கடையில் தனி மேசையே இருக்கின்றது. ஒரு அம்மாள் ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். காரணம் என்ன என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். "பிடிக்கவில்லை" என்று பதில். ரசீதைப் பார்த்தாள், பணத்தைத் திருப்பினாள், காரியம் முடிந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. இப்படிச் செய்தாக வேண்டும் என்று பொதுச் சட்டம் ஒன்றும் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டால் நம்பி மறுபடியும் வருவார்கள் என்கின்ற வியாபாரக் கணக்குத்தான். ஆனாலும் வாங்குகின்றவனும் ஒரு மனிதன், அவனுக்கும் மனம் மாறும் என்பதை ஒரு செருப்பு விஷயத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள்.

இனிக் கலியாணத்தைப் பார்ப்போம். டெக்சாசில் கலியாணம் செய்துகொள்ள நினைக்கின்ற இருவரும் அந்த ஜில்லாவின் குமாஸ்தா அலுவலகத்திற்குப் போய், தாங்கள் யார் என்பதற்கு அத்தாட்சி காட்டி, கட்டணம் கட்டி, லைசென்சு வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் சாதி என்ன, கோத்திரம் என்ன, நட்சத்திரம் என்ன என்ற கேள்விகள் இல்லை. லைசென்சு வாங்கிய 72 மணி நேரம் கழித்து ஒரு நீதிபதி முன்னிலையிலோ பாதிரியார் முன்னிலையிலோ செய்துகொள்ளலாம். பக்கத்தில் கொலராடோ மாகாணத்திலோ பாதிரியும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். மணமக்கள் இருவரே தங்களுக்குத் தாங்களே கலியாணம் செய்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சட்டப்படி செல்லும். கடையில் நடு ஆள் ஒழிந்தது போலவே கலியாணத்திலும் ஒழிந்தான். புரோகிதன் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட நம் தோழர்களைக் கேலி செய்தவர்களும், அக்கலியாணங்கள் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். நம் நாட்டில் சுயமரியாதைக் கலியாணம் சட்டப்படி செல்லுபடியானது 1967-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான்.

அதே 1967-ல் இங்கே நடந்தது என்ன? வெர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லவிங் என்ற வெள்ளைக்காரரும் மில்ட்ரெடு என்ற கறுப்பு இனப் பெண்ணும் 1958-ல் கலியாணம் செய்துகொண்டார்கள். போலீசார் இரவில் படுக்கையறைக்குள் புகுந்து அவர்களைக் கைது செய்தார்கள். 25 வருஷம் மாகாணத்தை விட்டு வெளியேறி இருந்தால் சிறை இல்லை என்று தீர்ப்பாயிற்று. கடவுள் ஒவ்வொரு நிறத்தாரையும் ஒவ்வொரு கண்டத்தில் வைத்திருப்பதால் அவர்கள் கலக்கக் கூடாது என்பது அவருடைய சித்தம் என்று அந்த நீதிபதி காரணமும் எழுதி வைத்தார். கடவுள் சித்தத்தை 1967 ஜூன் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. வருண தர்மம் என்பது கங்கைக் கரையில் மாத்திரம் விளைகின்ற பயிர் அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

இன்னும் ஒன்று அதே வருஷத்தில்தான். டெக்சாசில் கலியாணமான ஸ்திரீ புருஷன் கையெழுத்து இல்லாமல் தன் சொத்தைத் தானே நிர்வகிக்கவோ ஒப்பந்தம் செய்யவோ பல தடைகள் இருந்து வந்தன. லூயிசு ராஜியோ என்ற பெண் வக்கீல் முன் நின்று பாடுபட்டு 1967-ல் அந்தச் சட்டத்தை மாற்றச் செய்தார். பக்கத்து லூசியானாவில் இன்னும் மோசம். குடும்பத்துக்குத் தலைவனும் எஜமானனும் புருஷனே என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஜோன் பீன்ஸ்டிரா என்ற ஸ்திரீயின் புருஷன், இருவர் பேரிலும் இருந்த வீட்டை அவருக்குத் தெரியாமலே அடமானம் வைத்துவிட்டான். சட்டமும் அது சரி என்றது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-ல்தான் அந்த எஜமானச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். பாங்கியில் கடன் அட்டை கேட்கின்ற பெண்ணைப் பார்த்து, "உன் புருஷன் கையெழுத்து எங்கே?" என்று கேட்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1974-ல். ஆகவே அமெரிக்கப் பெண்கள் வானத்திலிருந்து சுதந்திரத்தோடு குதித்தவர்கள் அல்லர். அவர்களும் சரக்காய் இருந்தவர்கள்தான். வக்கீல் வைத்து, ஊர்வலம் போய், வழக்காடி, ஒவ்வொரு படியாய் ஏறி மனுஷியானார்கள். இன்னும் பெரும்பாலோர் கலியாணமானதும் புருஷன் பேரைத் தங்கள் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றார்கள். அந்தப் பழக்கத்தை நாம் மெச்சவில்லை.

விவாகரத்துப் பெருத்த தேசம் என்கின்றார்கள். 1981-ல் ஆயிரம் ஜனங்களுக்கு 5.3 என்று இருந்தது 2022-ல் 2.4 ஆகக் குறைந்திருக்கின்றது. கலியாணங்களே குறைந்து போனதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்தாலும் பெருத்தாலும் நாம் கேட்பது வேறு. செருப்பு, போட்டுக்கொண்டவனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாது. ஏன்? அது சரக்கு. இங்கேயோ புருஷனை வேண்டாம் என்று கோர்ட்டில் மனுக் கொடுக்க மனைவிக்கும் பாத்தியதை இருக்கின்றது. வேண்டாம் என்று சொல்லுகின்ற உரிமை எவளுக்கு இருக்கின்றதோ அவளைச் சரக்கு என்று சொல்லுவது எந்த நியாயம்? அது மட்டுமா? கட்டிய புருஷனே ஆனாலும் பலாத்காரம் செய்தால் குற்றம் என்று 1993-க்குள் இங்கே 50 மாகாணங்களிலும் ஆகிவிட்டது. நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்திலும், மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால் புருஷன் செய்வது அந்தக் குற்றமாகாது என்ற விலக்கை அப்படியே வைத்திருக்கின்றார்கள். வாங்கியவன் இஷ்டப்படி உபயோகிக்கலாம் என்பது சரக்குக்கு உள்ள இலக்கணமா, மனுஷிக்கு உள்ள இலக்கணமா?

விலையைப் பற்றியும் பேசிவிடுவோம். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கின்ற மாப்பிள்ளைக்கு நம் ஊரில் விலை அதிகம் என்பதை அறியாதவர் உண்டா? வேலைக்கு ஒரு விலை, விசாவுக்கு ஒரு விலை, பச்சை அட்டை வாங்கிவிட்டவனுக்கு அதற்கு மேல் ஒரு விலை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. வந்து என்ன? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று பேச்சு மாறியதே தவிர வியாபாரம் மாறவில்லை. அமெரிக்கக் கடையிலாவது சாமானை வாங்குகின்றவன் பணம் கொடுக்கின்றான். இந்தத் தெய்வ சம்பந்தத்திலோ பெண்ணையும் கொடுத்து, பணத்தையும் கொடுத்து, கூடவே சாமானையும் கொடுத்து, காலிலும் விழ வேண்டியிருக்கின்றது. இத்தகைய வியாபாரத்தை எந்த அமெரிக்காக்காரனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

இப்படி வாங்கப்பட்டு இங்கே வந்து சேருகின்ற பெண்ணின் கதி என்ன? இங்கே இந்தியர் கடை ஒன்று இருக்கின்றது. சனிக்கிழமை மாலையில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான். அரிசி மூட்டை, உறைய வைத்த பரோட்டா, நான்கு இணுக்குக் கறிவேப்பிலை அடைத்த ஒரு பை. அங்கே நாம் கவனித்த ஒரு காட்சியைச் சொல்லுகின்றோம். பெண் ஒரு சாமானை எடுக்கின்றாள். வண்டியில் போடுவதற்கு முன் புருஷன் முகத்தைப் பார்க்கின்றாள். அவன் தலை அசைந்தால் சாமான் வண்டிக்குள் விழுகின்றது; அசையாவிட்டால் அலமாரிக்குப் போகின்றது. வெள்ளைக்காரன் கடையில் விலையைப் பார்க்கின்றவள், நம்மவர் கடையில் முகத்தைப் பார்க்கின்றாள். அட்டை அவன் சட்டைப் பையில் இருக்கின்றது.

அங்கே நமது துணைவியாருக்கு அறிமுகமான ஒரு பெண்மணி இருக்கின்றார். ஊரில் இஞ்சினீயரிங் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கலியாணமாகி எச்-4 என்ற விசாவில் வந்து சில வருஷமாகின்றது. இந்த விசாவில் வருகின்ற மனைவி சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அந்த அனுமதி இல்லாதவளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடையாது. புருஷனுடைய பச்சை அட்டை மனு ஒரு குறிப்பிட்ட கட்டம் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை அனுமதிக்கு மனுச் செய்யலாம் என்று 2015 மே மாதத்தில்தான் விதி வந்தது. அந்தப் பெண்மணியின் புருஷன் அந்தக் கட்டத்திற்கு இன்னும் வரவில்லையாம். தம்பி படிப்புக்கு ஊருக்குக் கொஞ்சம் பணம் அனுப்ப வேண்டும் என்று இந்த அம்மாளுக்கு ஆசை. கேட்டால் "எதற்கு?" என்பார், "எவ்வளவு?" என்பார், அப்புறம் பார்க்கலாம் என்பார். அதனால் ஒரு யுக்தி செய்தார். வீட்டுக்கு வேண்டும் என்று சொல்லிப் புருஷன் அட்டையில் ஒரு சாதம் வேகவைக்கின்ற மின்சாரப் பாத்திரம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பணம் தம் கைக்கு வரும் என்று நினைத்தார். மேசையில் இருந்த பெண் ரசீதைப் பார்த்தாள், இயந்திரத்தைத் தட்டினாள், சிரித்த முகத்தோடு நன்றி சொன்னாள். பணம் எந்த அட்டையிலிருந்து வந்ததோ அந்த அட்டைக்கே போய்விட்டது.

"அக்கா, எந்த வழியாய்ப் போனாலும் அவர் பையிலேதான் போய் விழுது" என்று அந்தப் பெண்மணி நமது துணைவியாரிடம் சொல்லிச் சிரித்தாராம். துணைவியார் அன்று இரவு நம்மிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

இதற்கு அமெரிக்கச் சர்க்கார்மேல் பழி போடுவது சுலபம். வேலை செய்யத் தகுந்தவர்களைப் பல வருஷம் அடுப்படியில் உட்கார வைக்கின்ற விசா விதி அக்கிரமம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனைவி பேரைச் சேர்த்துப் பாங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கக் கூடாது என்று எந்த விதி சொல்லுகின்றது? கடன் அட்டையில் அவள் பேரைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விசா சொல்லுகின்றது? கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கின்றதா? இங்கே ஒவ்வொருவன் நாணயத்துக்கும் 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுகின்றார்கள். வீடு வாடகைக்கு எடுக்கவும், கார் கடனில் வாங்கவும் அதைத்தான் பார்க்கின்றார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனைவிக்கு அதில் ஒரு எண்கூட இல்லை என்றால், நாளைக்குப் புருஷன் விபத்தில் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்?

இன்னும் கேளுங்கள். டெக்சாஸ், கலிபோர்னியா உட்பட 9 மாகாணங்களில், கலியாணமான பின் புருஷனோ பெண்சாதியோ சம்பாதித்தது இருவருக்கும் பொதுச் சொத்து என்பதே சட்டம். சம்பளம் யார் பேரில் வருகின்றதோ அவர் நிர்வாகத்தில் அது இருக்கலாம், சொத்து இருவருடையது. நம் நாட்டில் கோவா நீங்கலாக இப்படி இல்லை. 2023-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம், புருஷன் அரபு நாட்டில் சம்பாதித்த காலத்தில் ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் காத்த மனைவிக்கு அவ்வருமானத்தில் வாங்கிய சொத்தில் பங்குண்டு என்று ஒரு வழக்கில் சொன்னது. ஆகவே டாலசில் இருக்கின்ற நம் தமிழ்ப் புருஷன், "என் சம்பளம், என் அட்டை, நான் கொடுக்கிறேன்" என்று சொல்லுவது சட்டப்படி பார்த்தாலே பொய். அவன் கொடுப்பது அவளுடைய பாதியை அவளுக்கே பிச்சையாய்ப் போடுவதாகும். செருப்பைத் திருப்ப எத்தனை நாள் கெடு, கூப்பன் எந்தத் தேதியில் முடியும், எந்த அட்டையில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வரும் என்ற சட்டமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இந்த ஒரு சட்டம் மாத்திரம் அவன் காதில் விழவில்லை!

மற்றவரைச் சொல்லுவானேன்? நாமும் யோக்கியர் அல்லோம். வந்த முதல் வாரத்தில் பாங்கிக்குப் போய் நம் பேரில் மாத்திரம் கணக்கு ஆரம்பித்துவிட்டு வந்தோம். துணைவியார் கேட்கவில்லை, நாமும் நினைக்கவில்லை. வேலைக்காரக் கம்பெனி அவசரப்படுத்தியது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பாத்திரக் கதையைக் கேட்ட மறுநாள்தான் வெட்கம் வந்தது. அடுத்த சனிக்கிழமை இருவரும் போனோம். பாங்கிக்காரருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கால் மணி நேரத்தில் முடிகின்ற காரியத்தைச் செய்ய நமக்கு ஐந்து மாதம் பிடித்திருக்கின்றது. துணைவியார் இப்போது கார் ஓட்டக் கற்று வருகின்றார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாம் சொல்லுகின்ற புத்திமதிகள் வேண்டியதில்லை என்று சொல்லி, பள்ளிக்கூடத்து ஆசிரியரை வைத்துக்கொண்டுவிட்டார்.

நம் மாமாவுக்குப் பதில் எழுதினோம். அவர் தம் மூத்த மகளை நான்கு வருஷத்துக்கு முன் கலிபோர்னியா மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தவர். அப்போது நூறு பவுனும், கல்யாண மண்டபச் செலவும், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு காரும் கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும். அமெரிக்காவில் எதற்கும் ரசீது கொடுக்கின்றார்கள் மாமா, நீங்கள் கொடுத்ததற்குச் சம்பந்தி வீட்டார் ரசீது கொடுத்திருக்கின்றார்களா, உங்கள் மகள் பேரில் அங்கே பாங்கியில் கணக்கு இருக்கின்றதா என்று இரண்டே கேள்விகள் கேட்டிருந்தோம். முதல் கேள்விக்குக் கோபமாய்ப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, "மகளைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்" என்று எழுதியிருக்கின்றார்.